உதார் என்றால் மோதல்!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடை ஏறும்போது பின்வரிசையில் ஒரு நண்பர், "உதார் விடாம பேசுய்யா" என்றார். அந்த உதாரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம்ம ஆவடியில் 1965-இல் விஜயந்தா டாங்கி உருவானபோது மொழிப் பிரச்சினை இல்லை. அது பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பு. பிறகு டி-72, டி-90 வந்தன; கூடவே ரஷ்ய மொழியும் வந்தது. அந்த ஆசையில் நானும் ரஷ்யன் படித்தேன். வேறோர் இடத்தில் மொழிபெயர்ப்பு வேலையும் கிடைத்தது.

ரஷ்ய மொழியில் மோதலுக்குப் பெயரே 'உதார்'! இந்த ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் மூன்று சொல். இரண்டு பந்து முட்டித் திரும்பினால் கொலிஷன். சுத்தியல் இரும்பில் விழுந்தால் இம்பாக்ட். வெடித்ததும் காற்றில் பாயும் அலைக்கு ஷாக்.

இன்னொரு சொல் 'வியாஸ்கஸ்த்'. எண்ணெயின் பிசுபிசுப்புக்கும் அதுதான், அடிதாங்கும் இரும்பின் உறுதிக்கும் அதுதான். ஒரு தாளில் இரண்டும் சேர்ந்து வந்தது. நான் அகராதியைப் பார்த்து 'இம்பாக்ட் விஸ்காசிட்டி' என்று எழுதிவிட்டேன்.

ஃபோர்மேன் படித்துவிட்டு, "ஏன் தம்பி, இந்த இரும்பு தேன் மாதிரி ஒழுகுமா?" என்று கேட்டார். கையோடு சார்பி மெஷினுக்கு அழைத்துப் போனார். 10 மில்லிமீட்டர் சதுரம், 55 மில்லிமீட்டர் நீளம், நடுவில் ஒரு வெட்டு. ஊசல் சுத்தியல் வந்து ஒரே அடியில் உடைத்தது. உடைய எவ்வளவு ஆற்றல் பிடித்தது என்பதே கணக்கு. என் தாளிலும் எண்ணுக்குப் பக்கத்தில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை ஜூல் என்று இருந்தது. எண்ணெய்க்கு ஏது அந்த அலகு? நான்தான் பார்க்கவில்லை.

அவர் கேட்காமல் விட்டிருந்தால், நொறுங்கும் இரும்பு சோதனை இல்லாமலே வண்டியில் ஏறியிருக்கும். உள்ளே உட்காருகிறவன் யாரோ வீட்டுப் பிள்ளை.

பின்னால் போலிஷ் தாள்களும் வந்தன. அங்கே மோதல் 'ஸ்தெஷேன்யெ', அடி 'உதெஷேன்யெ', சார்பி சோதனையில் வரும் அளவு 'உதார்நோஷ்ச்'. எல்லாம் தனித்தனி. ஆனால் வெறும் 'உதார்' என்றால் அங்கே பக்கவாதம், வெயில் தாக்குதல்! ரஷ்யன் தெரியுமே என்று துணிந்தால் அங்கேயும் வழுக்கும்.

தம்பிகளே, அகராதியைத் திறக்கும் முன் அலகைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் மெஷின் பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள். தெரியாது என்பதில் வெட்கமில்லை. தெரிந்த மாதிரி எழுதுவதுதான் உதார்.