மெட்டை மறந்த பாட்டு



ஹட்டனில் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் கண்டவர் கோ. நடேசய்யர். அவருடைய கூட்டங்களில் பாடியவர் துணைவியார் மீனாட்சியம்மாள். அப்பாடல்கள் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று நூலாயின.

பட்டப்படிப்புக் காலத்தில் அந்நூலின் பிரதியொன்று கிடைத்தது. அணியைத் தேடினேன், கற்பனையைத் தேடினேன். “பிரசாரம், கவிதையன்று” என்று ஓரத்தில் குறித்துவைத்தேன்.

அண்மையில் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். “சேர், இதைப் பாட மாட்டீங்களா?” என்றாள் ஒரு மாணவி. எனக்கு மெட்டுத் தெரியவில்லை. அப்போதுதான் என் பிழை உறைத்தது. எழுத்தறியாத தொழிலாளி துண்டுப்பிரசுரத்தை எப்படிப் படிப்பான்? பழகிய சினிமா மெட்டென்றால், ஒருமுறை கேட்டதை லயம்வரை கொண்டுபோவான். துரைக்கும் கங்காணிக்கும் பறிக்க அதில் காகிதம் இல்லை. இரவல் மெட்டு அம்மையாரின் குறையன்று. அதுவே அவருடைய உத்தி.

நடேசய்யர் 1947இல் மறைந்தார். மறு ஆண்டே சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்த நிலைமையைத்தான் அம்மையார் முன்கூட்டியே பாடி எச்சரித்திருந்தார்.

ஓரக் குறிப்பை அழித்துவிட்டேன். பாட்டி பாடக் கேட்டவர் உங்கள் லயத்தில் இருந்தால், அந்த மெட்டை இன்றே கேட்டு வையுங்கள்.