எட்டிய தூரமும் எட்டாத தூரமும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், மருத்துவத்துறையில் பணியாற்றும் பழைய மாணவிகளின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மருத்துவர்களிடம் உரை கேட்டால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார்கள் என்று விழாக் குழுவினர் எதிர்பார்த்திருக்கலாம். அவையும் இடையில் வந்துபோகும். ஆனால் இன்று பாதையைப் பற்றியும் பிரயாணத்தைப் பற்றியும் பேசலாம் என்று நினைத்தோம். காரணம் இருக்கிறது. வைத்தியசாலையில் புதிதாக வரும் ஒருவரிடம் "எவ்விடம்?" என்று கேட்ட கையோடு "எப்பிடி வந்தனீங்கள்?" என்றும் கேட்போம். முதற் பஸ்ஸில் வந்தவரா, ஓட்டோ பிடித்து வந்தவரா, தீவிலிருந்து படகேறி வந்தவரா என்று தெரிந்தால், அவர் ஏன் இவ்வளவு பிந்தி வந்தார் என்பதும், அடுத்த கிளினிக்குக்குத் திரும்பி வருவாரா என்பதும் பாதி விளங்கிவிடும்.

எங்கள் பாடசாலைகளின் கதையையும் இதே கேள்வியை வைத்துச் சொல்லலாம். 1824 இல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கியபோது, அதை விடுதிப் பாடசாலையாகவே தொடங்கினார்கள். சமயக் காரணங்கள் அதற்கு இருந்தன. என்றாலும், மாட்டுவண்டிலை விட்டால் கால்நடை என்றிருந்த காலத்தில், நாளாந்தம் ஒரு பெண்பிள்ளை நாலைந்து மைல் தனியே போய் வருவதை எந்த வீடும் ஒப்புக்கொண்டிராது. வசதியுள்ள வீட்டுப் பெண்கள் கூடார வண்டிலுக்குள் திரைக்குப் பின்னால் இருந்து போனார்கள். மற்றவர்களுக்கு ஊர்க்கோயிலும் ஊர்க்கிணறும்தான் எல்லை.

அடுத்து ரயில் வந்தது. இலங்கையின் முதல் ரயில் 1864 இல் ஓடியது. 1867 இல் கண்டியை எட்டியது. மலைநாட்டுக் கோப்பியை இறக்குவதற்காகப் போட்ட பாதை அது. ஏற்றுவதற்குக் கோப்பி இல்லாத வடக்கு, கொழும்புடன் ரயிலால் இணைய 1905 வரை காத்திருந்தது. இணைந்த பிறகு மாற்றம் வேகமாக வந்தது. கடலையும் துறைமுகங்களையும் பார்த்திருந்த குடாநாடு தெற்கைப் பார்க்கத் திரும்பியது. படித்த ஆண்கள் கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்க்கப் போனார்கள். வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாணம் உருவானது. இங்கே வீடுகள் மாதமாதம் வரும் மணியோடரில் நிமிர்ந்தன. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியதும், காலையில் கோட்டையில் ஏறியவர் பின்னேரம் ஊரில் இறங்கினார். சுன்னாகம், கொடிகாமம், சாவகச்சேரி போன்ற இடங்களில் சந்தையும் நிலையமும் பஸ்ஸும் ஒன்றையொன்று வளர்த்தன.

ஆனால் ரயில் பெரும்பாலும் ஆண்களைத்தான் ஏற்றிப் போனது. வீட்டையும் வயலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு பெண்கள் ஊரிலேயே இருந்தார்கள். அவர்களின் உலகத்தைச் சற்று அகலமாக்கியது பஸ்தான். 1958 இல் பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கை போக்குவரத்துச் சபை அமைந்த பின்னர், ஆசிரியைகள் ஊர் விட்டு ஊர் போய்ப் படிப்பித்தார்கள். தாதிமார் கடமைக்குப் போனார்கள். பருவச்சீட்டு வாங்கிய பிள்ளைகளுக்குத் தூரத்துப் பாடசாலை எட்டியது. கொடிகாமம் – பருத்தித்துறைத் தட்டிவானில் கடகங்களோடு ஏறிச் சந்தைக்குப் போன அம்மாமாரையும் இந்த வரிசையில் மறக்கக்கூடாது. அவர்கள் கையில் தங்கள் காசு புழங்கியது. விடுதியில் தங்காமலே பெண்பிள்ளைகள் உயர்தரம் வரை படிக்கலாம் என்று வந்தது இந்தக் காலத்தில்தான்.

எங்கள் வகுப்பின் வாகனம் சைக்கிள். 1990 இல் வடக்குக்கு ரயில் நின்றது. எரிபொருளுக்குத் தடை வந்தது. பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. மோட்டார் சைக்கிள்களைச் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மற்ற எல்லாவற்றையும் சைக்கிள் சுமந்தது: விறகு, நெல் மூடை, தண்ணீர், காய்ச்சல்காரர், பிரசவ வலி எடுத்த தாய். மின்சாரம் இல்லாத இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவின் தயவில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் எத்தனை! இங்கிருக்கும் பலருக்கு அது ஞாபகம் இருக்கும்.

அந்தக் கொடிய காலத்தில் நடந்த ஒரு மாற்றத்தை நாங்கள் போதியளவு கவனிக்கவில்லையோ என்று தோன்றுகிறது. பெண்பிள்ளைகள் எல்லோரும் சைக்கிள் ஓடினோம். "பொம்பிளைப் பிள்ளை சைக்கிள் ஓடுறதோ?" என்று கேட்ட பெரியவர்களே பேத்திக்குச் சைக்கிள் தேடித் திரிந்தார்கள். காலையில் பாடசாலை, பின்னேரம் ரியூசன், இடையில் கூப்பன் கடை, எல்லாம் எங்கள் காலில். நீதவானின் மகளும் தோட்டக்காரரின் மகளும் ஒரே வேகத்தில்தான் போனார்கள். தூரம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது. இதைச் சொல்வது போர்க்காலத்தைப் புகழ்வதற்கு அல்ல. கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்து திரும்பி வராதவர்களை நாங்கள் அறிவோம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, இலட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பக்கமாக நகர்ந்தபோது, அதே சைக்கிள்களை உருட்டிக்கொண்டுதான் நாங்களும் நடந்தோம். அதன் பின்னர் தெற்கிலிருந்த பல்கலைக்கழகங்களுக்குப் போனவர்கள் அனுமதி எடுத்துத் திருகோணமலைக்குக் கப்பலேறினார்கள். ஏ-9 பாதை 2002 இல் திறந்து, 2006 இல் மூடி, 2009 இல் மீண்டும் திறந்ததை எங்கள் படிப்பாலும் கலியாணங்களாலும் செத்தவீடுகளாலும் கணக்கு வைத்திருக்கிறோம்.

2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. 2014 இல் ரயில் யாழ்ப்பாணம் வந்தது. பாதைகள் காபெற் ஆகின. தவணைக் கட்டணத்தில் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் வீட்டுக்கு வீடு வந்தன. ஸ்கூட்டியில் போகும் குடும்பநல உத்தியோகத்தர் முன்னரைவிடக் கூடுதலான தாய்மாரைச் சென்று பார்க்கிறார். 2018 இல் சுவசெரிய நோயாளர் காவு வண்டிச் சேவை வடமாகாணத்துக்கும் வந்தது. அதை அழைக்கும் இலக்கம் 1990. ரயில் நின்ற ஆண்டும் அதுவே. அந்த எண்ணை இப்போது உயிர் காக்கும் எண்ணாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

நன்மைகளோடு வேறு சிலவும் வந்தன. வீதி விபத்துகளில் இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் போவோரும் நடந்து போவோரும் இவர்களில் அதிகம். தலைக்கவசத்தைக் கைப்பிடியில் கொழுவிக்கொண்டு வந்து விழுந்த பிள்ளைகளை விபத்துப் பிரிவில் காண்கிறோம். பின்னால் இருந்து போகும் பெண்களின் சேலைத் தலைப்பும் சோலும் சில்லில் சிக்கும் காயங்கள் கொடியவை. ஏறும்போதே சுருட்டிச் செருகிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடலை வருத்தி ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாங்கள் அதைப் பாடசாலைக்குப் போய்வந்தே முடித்தோம். இப்போது படலையில் ஏறி வகுப்பு வாசலில் இறங்கும் பிள்ளைக்கு அந்த 60 நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது?

இவற்றைவிடக் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று எங்களைக் கவலைப்படுத்துகிறது. வாகனம் உள்ளவருக்கு நகரம் கிட்ட வந்துவிட்டது. ஆகவே அவர் ஊர்க்கடையை விட்டு நகரத்துக் கடைக்குப் போகிறார். ஊர்ப் பாடசாலையை விட்டு நகரத்துப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்புகிறார். ஊர்ப் பாடசாலையில் பிள்ளைகள் குறைய ஆசிரியரும் குறைகிறார்கள். கடை பூட்டப்படுகிறது. பஸ்ஸில் ஆளில்லை என்று பஸ்ஸும் குறைகிறது. வாகனம் இல்லாத வீட்டுப் பிள்ளை அதே இடத்தில்தான் இருக்கிறாள். ஆனால் அவளுக்குத் தேவையானவை எல்லாம் அவளை விட்டுத் தூரப் போய்விட்டன. பாதை நல்லதாக ஆக ஆக, நடந்து போகிறவளுக்குத் தூரம் கூடுகிறது. சைக்கிள் காலத்தில் எங்களிடையே இல்லாத வேறுபாடு இது.

2022 இல் எரிபொருள் இல்லாமல், கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றபோது இது எல்லோருக்கும் ஒருமுறை உறைத்தது. வைத்தியர்களும் தாதியர்களும் சைக்கிளில் கடமைக்கு வந்தார்கள். வரிசை போனதும் அந்த நினைவும் போய்விட்டது. ஆனால் சில வீடுகளில் அந்த வரிசை ஒருநாளும் முடியவில்லை.

மகப்பேற்று மருத்துவத்தில் மூன்று தாமதங்கள் என்று சொல்வோம். போகவேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். 1930களில் இந்நாட்டில் 100,000 பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். இன்று அது ஐம்பதுக்கும் குறைவு. நல்ல மருந்தோடு, ஊரூராகப் போன மருத்துவமாதும், கிட்ட அமைந்த வைத்தியசாலையும், பெண்கள் பெற்ற கல்வியும் சேர்ந்தே இதைச் செய்தன. இன்றும் நெடுந்தீவுத் தாய்மாரிடம், நாள் கிட்டுமுன்பே கரைக்கு வந்து உறவினர் வீட்டில் தங்குங்கள் என்று சொல்கிறோம். குறிகட்டுவானுக்கு வர ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் என்பது கடல் அமைதியாக இருக்கும் நாளின் கணக்கு.

கல்விக்கும் இதே மூன்று தாமதங்கள் உண்டு. உயர்தர விஞ்ஞானப் பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த கிராமத்துப் பிள்ளை, அதைப் படிக்க வெளியே போயாக வேண்டும். அப்பா தயங்குகிறார்: முதலாம் தாமதம். பஸ் நேரத்துக்கு வருவதில்லை: இரண்டாம் தாமதம். வந்து சேரும்போது முதற் பாடம் முடிந்துவிட்டது. பின்னேர மேலதிக வகுப்புக்கு நின்றால் கடைசி பஸ் போய்விடும்: மூன்றாம் தாமதம். அவள் கலைப்பிரிவுக்கு மாறிவிட்டாள் என்று பதிவேட்டில் எழுதுகிறோம். அவளுக்கு விஞ்ஞானம் ஓடவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஓடாதது பஸ்.

ஆகவே நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று சங்கம் ஆலோசிக்கும் இவ்வேளையில், மூன்று விடயங்களை முன்வைக்கிறோம். தோரண வாயில் பற்றிய யோசனை ஒன்று இருப்பதாக அறிகிறோம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வாயிலுக்கு வந்துசேர வழியில்லாத பிள்ளையை முதலில் நினைக்கலாம்.

ஒன்று, நூற்றாண்டுச் சைக்கிள்கள். தூர இடத்துப் பிள்ளைகளுக்குத் தலைக்கவசமும் பூட்டும் லைற்றும் சேர்த்துச் சைக்கிள் கொடுப்போம். பிள்ளை பாடசாலையை விட்டுப் போகும்போது அதைத் திருத்தி அடுத்த தங்கைக்குக் கொடுப்போம். கனடாவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் உள்ள கிளைகள் ஆளுக்குச் சில எடுத்தாலே போதும்.

இரண்டு, பாடசாலை வாசல். காலையில் வான்களும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் முட்டி நிற்கும் அந்த இருபது நிமிடம், நடந்தும் சைக்கிளிலும் வரும் பிள்ளைக்கு ஆபத்தானது. வாகனங்களைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு, பிள்ளைகளை நடக்க விடுங்கள். அந்த நடையும் நல்லது.

மூன்றாவதற்குக் காசே தேவையில்லை. மேலதிக வகுப்புகள் முடியும் நேரத்தையும் கடைசி பஸ் புறப்படும் நேரத்தையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டும் இடிக்கும் இடத்தில் வகுப்பை முன்னே நகர்த்துங்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கான சிசு செரிய பஸ் சேவை எந்தப் பாதையில் இல்லை என்று பட்டியலிட்டு, சங்கத்தின் பெயரில் உரிய இடத்தில் கேளுங்கள். நூறு வயதுச் சங்கம் கேட்டால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

எங்களை இந்தக் கல்லூரிக்கு ஏற்றிவந்தவர்கள் பலர். முன் பாரில் இருத்திக் கொண்டுவந்த அப்பாமார், பின்னேரத்தில் துணைக்கு ஓடிவந்த அண்ணாமார், காற்றில்லாத சில்லுக்குக் காசு வாங்காமல் காற்றடித்துத் தந்த சந்திக் கடை ஐயா. அவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடிய கைமாறு, அடுத்த வருடம் ஆறாம் வகுப்பில் சேரப்போகும் பிள்ளைகளில் ஒருத்தியாவது தூரத்தின் காரணத்தால் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். சைக்கிள்களுக்கான பட்டியல் மண்டபத்தின் பின்புற மேசையில் இருக்கிறது. எங்கள் வகுப்பு முதல் பத்துக்குப் பெயர் எழுதியிருக்கிறது. மிகுதியை நீங்கள் நிரப்புவீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறோம்.