குழந்தைப் புத்தகத்தின் குடும்பம்



சென்ற ஆண்டு எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர்களுக்குத் தேர்ச்சி அட்டை கொடுக்கும் நாள். செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலையை முடித்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பள்ளிக்கு வந்திருந்தார் ஒரு தாய். மகளின் பையில் ஒரு கதைப் புத்தகம் இருந்ததைப் பார்த்தார். "டீச்சர், பாடப் புத்தகம் படிச்சா பரீட்சைக்கு ஆகும். இந்தக் கதைப் புத்தகம் எதுக்கு ஆகும்?" என்று என்னைக் கேட்டார்.

வெயிலில் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிற தாய்க்கு அப்படிக் கேட்க முழு உரிமை உண்டு. அன்றைக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று உங்கள் எல்லோருக்குமாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

இதே கேள்வியை வேறொரு நாட்டில், மிகக் கொடிய காலத்தில், ஒரு பெண்மணி எதிர்கொண்டார். அவர் பெயர் யெல்லா லெப்மன். 1891ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்தவர். பதினேழு வயதிலேயே அந்த ஊரில் ஒரு சிகரெட் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஒரு வாசிப்பறை அமைத்துக் கொடுத்தார். திருமணமாகிச் சில ஆண்டுகளில் கணவர் இறந்து போனார். இரண்டு பிள்ளைகளையும் பத்திரிகை வேலை பார்த்தே வளர்த்தார். அவர் யூத இனத்தைச் சேர்ந்தவர். ஹிட்லரின் ஆட்சி வந்ததும் அந்த வேலை பறிபோயிற்று. 1936இல் பிள்ளைகளோடு இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

1945இல் போர் முடிந்தது. தம்மை விரட்டிய நாட்டுக்கே, அமெரிக்க இராணுவத்துக்குப் பெண்கள், இளையோர் நலனில் ஆலோசனை கூறும் பணிக்காக அவர் திரும்பி வந்தார். நகரங்கள் இடிந்து கிடந்தன. பிள்ளைகளுக்கு ரொட்டி இல்லை, காலணி இல்லை, பலருக்கு வீடும் இல்லை. அந்த நிலையில் லெப்மன் குழந்தைப் புத்தகங்கள் வேண்டுமென்று கேட்டார். வயிற்றுப் பசியோடு மனப் பசியையும் சேர்த்துப் போக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இத்தனை ஆண்டுகளாகப் பகைமையே போதிக்கப்பட்ட பிள்ளைகள், மற்ற நாட்டுப் பிள்ளைகளும் தங்களைப் போலத்தான் சிரிக்கிறார்கள், அழுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் நினைத்தார்.

கையில் பணம் இல்லை. ஆகவே 20 நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் நாட்டுக் குழந்தைப் புத்தகங்களை இலவசமாக அனுப்புங்கள் என்று கேட்டார். முக்கியமாகப் படப் புத்தகங்களைக் கேட்டார். ஏன் தெரியுமா? மொழி தெரியாத பிள்ளைக்கும் படம் புரியும் அல்லவா? பெல்ஜியம் நாடு முதலில் மறுத்துவிட்டது. ஜெர்மானியப் படைகள் இரண்டு முறை படையெடுத்து வந்த நாடு அது. லெப்மன் சோர்ந்து போகவில்லை. மூன்றாம் முறை அப்படி நடக்கக்கூடாது என்பதற்காகத்தானே கேட்கிறேன் என்ற பொருளில் மறுபடி எழுதினார். பெல்ஜியத்திலிருந்தும் நல்ல புத்தகங்கள் வந்து சேர்ந்தன.

இப்படிச் சேர்ந்த ஏறத்தாழ 4,000 புத்தகங்களைக் கொண்டு 1946ஆம் ஆண்டு ஜூலை மாதம் மூனிக் நகரில் ஒரு கண்காட்சி திறக்கப்பட்டது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு பெர்லின் பிள்ளைகளுக்குக் கொடுக்க அவரிடம் வேறு பரிசு எதுவும் இல்லை. ஃபெர்டினாண்ட் என்ற காளையைப் பற்றிய அமெரிக்கக் கதையைத் தாமே மொழிபெயர்த்து, செய்தித்தாள் அச்சிடும் காகிதத்தில் 30,000 படிகள் போட்டுக் கொடுக்கச் செய்தார். சண்டை போட விரும்பாமல் மரத்தடியில் பூவை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் காளையின் கதை அது. ஹிட்லர் ஆட்சி தடை செய்திருந்த கதையும் அதுவே.

நேயர்களே, இந்தக் காளைக் கதையைக் கொண்டே ஒரு குழந்தைப் புத்தகம் எப்படி உருவாகிறது என்று சொல்லிவிடலாம். 1936இல் மன்ரோ லீஃப் என்பவர், ராபர்ட் லாசன் என்ற தம் ஓவிய நண்பர் படம் வரைவதற்காக அதை எழுதினார். காளை ஒரு தக்கை மரத்தின் நிழலில் உட்காரும் என்பது கதை. போத்தல் மூடும் தக்கையை அந்த மரத்தின் பட்டையை உரித்துச் செய்கிறார்கள். பால் மரப் பட்டையை அறிந்த உங்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் ஓவியர் என்ன செய்தார் தெரியுமா? போத்தல் தக்கைகள் கொத்துக் கொத்தாக, பழம் தொங்குவதுபோல மரத்தில் தொங்கும்படி வரைந்துவிட்டார்! எழுத்தில் இல்லாத வேடிக்கை படத்தில் வந்தது. அதைக் கண்டு சிரிக்க ஒரு குழந்தை வேண்டும். எழுதுகிறவர், வரைகிறவர், பார்த்துச் சிரிக்கிறவர் என்று மூவரும் கூடினால்தான் ஒரு குழந்தைப் புத்தகம் முழுமை பெறுகிறது. மூன்றாமவர் இல்லாவிட்டால் அது அச்சடித்த காகிதம், அவ்வளவுதான்.

லெப்மன் இதை நன்றாக அறிந்திருந்தார். 1949ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மூனிக்கில் அவர் திறந்த அனைத்துலக இளையோர் நூலகத்தில், படித்த புத்தகங்களைப் பற்றிப் பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். பிடித்தது எது, பிடிக்காதது எது என்று கருத்துச் சொன்னார்கள். ஓவியம் தீட்ட அவர்களுக்குத் தனி இடம் இருந்தது. அந்த நூலகம் 1983 முதல் அதே நகரில் ஒரு பழைய கோட்டை மாளிகையில் நடந்து வருகிறது. 1953இல் சூரிக் நகரில், இளையோர் நூல்களுக்கான அனைத்துலக மன்றமும் அவர் முயற்சியால் தொடங்கியது. அந்த மன்றம் 1956 முதல் எழுத்தாளர்களுக்கும், 1966 முதல் ஓவியர்களுக்கும் ஆண்டர்சன் பெயரால் விருது கொடுத்து வருகிறது. 1967 முதல் ஆண்டர்சனின் பிறந்த நாளையொட்டி ஏப்ரல் 2ஆம் நாள் அனைத்துலகக் குழந்தைப் புத்தக நாளாகக் கொண்டாடப்படுகிறது. யெல்லா லெப்மன் 1970இல் காலமானார். அவர் கூட்டிய குடும்பம் இன்னும் பெருகிக்கொண்டே இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன நான், என் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் வகுப்பில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதில் நாற்பது, ஐம்பது கதைப் புத்தகங்கள் உண்டு. பல ஆண்டுகள் அதைப் பூட்டியே வைத்திருந்தேன். தாள் கிழிந்துவிடும், எண்ணிக்கை குறைந்துவிடும் என்ற பயம்தான் காரணம். ஒரு நாள் ஓய்வு நேரத்தில், இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் அலமாரியின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். எழுத்துக் கூட்டவும் வராது என்று நான் ஒதுக்கி வைத்திருந்த பையன். கண்ணாடிக்குள் தெரிந்த ஓர் அட்டைப் படத்தைக் காட்டி, அந்த யானை எங்கிருந்து வந்தது, ஏன் அழுகிறது என்று தானே ஒரு கதை கட்டி நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பூட்டி வைத்தது புத்தகத்தையா, அந்தப் பிள்ளையையா என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாளே பூட்டைக் கழற்றினேன். ஓர் ஆண்டில் ஆறு புத்தகங்களுக்கு அட்டை போயிற்று. ஒன்று கால்வாயில் விழுந்து ஊறிப்போயிற்று. அந்தப் பையன் இப்போது மெதுவாகத்தான் படிக்கிறான், ஆனால் படிக்கிறான்.

இனி, அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். அவர் மகள் வைத்திருந்ததும் அந்த அலமாரிப் புத்தகம்தான். பதில் தெரியாமல் நான் நின்றபோது, "நீங்களே பாருங்கம்மா" என்று அதை அவர் கையில் கொடுத்தேன். "எனக்கு எழுத்து தெரியாது டீச்சர்" என்று கூச்சப்பட்டார். மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஏடுகளைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் மாட்டு வண்டிப் படம் வந்தது. தாய் அதை உற்றுப் பார்த்தார்.

"இது தப்பா வரைஞ்சிருக்காங்க. கடையாணியே காணோம். சக்கரம் கழண்டு ஓடிருமே! உங்க தாத்தா இந்தத் தோட்டத்துல வண்டி ஓட்டினவரு" என்றார்.

மகள் வியந்து போய் அம்மாவைப் பார்த்தாள். கடையாணி என்றால் என்ன, தாத்தா எங்கே வண்டி ஓட்டினார், மாட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டுக்கொண்டே போனாள். அந்த வாரமே அந்த ஓவியருக்கு ஒரு கடிதம் எழுதினாள். கடையாணி போட்ட சக்கரத்தையும் வரைந்து, பதிப்பகத்தின் முகவரிக்கு அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும், எழுத்தறியாத அந்தத் தாய் அன்று குழந்தைப் புத்தகத்தின் குடும்பத்தில் ஒருவராகிவிட்டார்.

கதைப் புத்தகம் எதற்கு ஆகும் என்ற கேள்விக்கு இதுவே என் பதில். பெற்றவர்கள் அறிந்ததைப் பிள்ளை கேட்கவும், பிள்ளை நினைப்பதைப் பெற்றவர்கள் அறியவும் அது ஆகும். படிப்பில் ஆசை வரவும் அது ஆகும். ஆசை வந்த பிள்ளைக்குப் பாடப் புத்தகம் பாரமாக இருக்காது.

ஆகவே, பெற்றோர்களே, உங்களிடம் இரண்டே வேண்டுகோள். பிள்ளை பள்ளியிலிருந்து கதைப் புத்தகம் எடுத்து வந்தால், சாப்பாடு முடிந்தபின் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால், பிள்ளையைப் படிக்கச் சொல்லி நீங்கள் படத்தைப் பாருங்கள். அடுத்தது, என்ன பாடம் கற்றாய் என்று உடனே விசாரிக்க வேண்டாம். எந்தப் படம் பிடித்தது என்று கேளுங்கள். தவறு கண்டால் தவறு என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

ஏடு கொஞ்சம் கசங்கினாலும் கவலைப்படாதீர்கள். ஒட்டித் தருவதற்கு ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம்.