கச்சதீவும் அரசாங்கப் பரீட்சையும்

அரசாங்க சேவைக்கு ஆள் தேரும் போட்டிப் பரீட்சைகளுக்கு ஆயத்தஞ் செய்யும் இளைஞர் கையில் பொது அறிவுக் கையேடு ஒன்று இருப்பது வழக்கம். கச்சதீவைப் பற்றி அவர் அதிலிருந்து மனனஞ் செய்து கொள்வது பெரும்பாலும் இரண்டு வரிகளே: ஒப்பந்தம் ஆன ஆண்டு 1974, கைச்சாத்திட்டவர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் இந்திரா காந்தி அம்மையாரும். பரீட்சையிலே புள்ளி பெறுவதற்கு இவை போதும். ஆனால், அவ்விளைஞர் நாளை நெடுந்தீவுப் பிரதேச செயலகத்திலோ யாழ்ப்பாணக் கச்சேரியிலோ உத்தியோகம் ஏற்பாராயின், அங்கேயும் இவை போதுமா? இதுவே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

கச்சதீவு நெடுந்தீவுக்குத் தென்மேற்கே பாக்குநீரிணையில் கிடக்கும் சிறு நிலத்துண்டு. அதன் பரப்பு ஏறக்குறைய 285 ஏக்கர். குடிப்பதற்கு நல்ல நீர் இல்லை. நிலையாக வாழும் குடிகளும் இல்லை. புனித அந்தோனியார் ஆலயம் ஒன்றே அங்குள்ள சிறப்பு. ஆகவே, வழக்கு நிலத்தைப் பற்றியது என்பதைவிட, அதைச் சூழ்ந்த கடலைப் பற்றியது என்பதே பொருந்தும்.

இவ்வழக்கின் பழைய ஏடுகளைப் புரட்டினால் 1921ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் கொழும்பிலே நிகழ்ந்த ஒரு கூட்டம் கண்ணிற் படும். இலங்கை அரசாங்கத்தின் உத்தியோகத்தரும் சென்னை மாகாண அரசாங்கத்தின் உத்தியோகத்தரும் அங்கே கூடி, மீன்பிடிக்கு எல்லைக்கோடு ஒன்றை வகுத்தார்கள். கோடு கச்சதீவுக்கு மேற்கே மூன்று மைல் தள்ளிச் சென்றது. இராமநாதபுரம் சமீன்தாரியின் உரிமையைக் காட்டிய இந்தியத் தரப்பினர், தீவின் ஆட்சியுரிமையைத் தாம் விட்டுக்கொடுக்கவில்லை என்று குறித்து வைத்தனர். அந்த உடன்பாடு முறைப்படி உறுதிசெய்யப்படாமலே நின்றுவிட்டது. எனினும் அன்று எழுதிய குறிப்புகள் அழியவில்லை. 1974 யூன் மாதத்திலே எல்லை முடிவானபோது, அது வரலாற்றுச் சான்றுகளுக்கும் சட்ட நெறிகளுக்கும் அமைய வகுக்கப்பட்டது என்றே இரு அரசாங்கங்களும் அறிவித்தன. உத்தியோகத்தர் ஒருவரின் எழுத்து அவர் காலத்துக்குப் பின்னும் பேசும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கச்சதீவைப் பற்றிப் பேசுவோர் மூன்று வினாக்களை ஒன்றாகக் குழப்பிவிடுகின்றனர். தீவு யாருக்குரியது என்பது முதல் வினா. தீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் அப்பால் எல்லை அமைந்தமையால், 1974ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அது இலங்கைக்குரியது. அங்கே யார் போகலாம் என்பது இரண்டாவது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கடவுச்சீட்டும் வீசாவும் இன்றிச் சென்று வரலாம் என அதே ஒப்பந்தத்தின் ஐந்தாம் உறுப்புரை இடமளிக்கிறது. யார் எங்கே மீன் பிடிக்கலாம் என்பது மூன்றாவது. 1976 மார்ச்சு மாதத்திலே மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா எல்லைகள் வகுக்கப்பட்டன. அதனோடு மாற்றிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் கடலில் அனுமதியின்றி மீன் பிடிக்கலாகாது என்று வரையறுத்தார்கள். முதல் வினாவுக்குரிய விடையைக் கொண்டு மூன்றாவதைத் தீர்க்க முயல்வதாலேயே பூசல் வளர்கின்றது.

2024ஆம் ஆண்டு இந்தியப் பொதுத்தேர்தற் காலத்திலே கச்சதீவு மேடைப் பொருளாயிற்று. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீவை மீட்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு செப்தெம்பரில் சனாதிபதி அநுர குமார திசாநாயக்க தீவுக்கு நேரிற் சென்று வந்தார். ஆனால் நமது கரையிலுள்ள மீனவரின் முறைப்பாடு தீவைப் பற்றியதன்று. கடலடியை வாரிச் செல்லும் இழுவைப் படகுகளைப் பற்றியது. அப்படகுகள் கச்சதீவைக் கடந்து குடாநாட்டுக் கரைக்கு அண்மையிலும் வருகின்றன. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடுத்தது. தீவு நாளை யார் கைக்கு மாறினும், வலை அறுந்த மீனவருக்கு அறுந்த வலையே மிஞ்சும். அக்கரையிலே சிறைப்பட்டவனுக்காகக் காத்திருக்கும் தாயும் இக்கரையிலே வலையிழந்தவனின் மனைவியும் அழுவது ஒரே மொழியில் என்பதை நாம் மறத்தலாகாது.

இத்தகைய இடத்தில் உட்காரும் உத்தியோகத்தர் எப்படிப்பட்டவராயிருத்தல் வேண்டும்? மாசி பங்குனித் திருவிழாவுக்கு இரு கரையினரும் வரும்போது படகும் குடிநீரும் ஒழுங்கு செய்பவர் அவர். முறைப்பாட்டைக் கேட்டுப் பதிபவரும் அவரே. மேடையிற் கேட்டதை அன்றி, ஏட்டிலுள்ளதை அறிந்து சொல்பவராய் அவர் இருத்தல் வேண்டும். அதற்கு, அவரைத் தெரிந்த ஆணைக்குழுவும் யாருக்கும் அஞ்சாததாயிருத்தல் வேண்டும்.

சோல்பரி அரசியலமைப்பு அரசாங்க சேவை ஆணைக்குழுவொன்றை நிறுவியது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதன் அதிகாரத்தை மந்திரிசபையிடம் ஒப்படைத்தது. 1978இல் ஆணைக்குழு மீண்டதாயினும் மந்திரிசபையின் நிழல் நீங்கவில்லை. 2001ஆம் ஆண்டின் பதினேழாந் திருத்தம் அதற்குச் சுதந்திரம் அளித்து, அதன் முடிவுகளில் வெளியார் செல்வாக்குச் செலுத்த முயல்வதைக் குற்றமாக்கியது. அச்சுதந்திரம் 2010இல் குறைந்தது, 2015இல் திரும்பியது, 2020இல் மறுபடி குறைந்தது, 2022இல் இருபத்தோராந் திருத்தத்தால் மீண்டது. இவ்வாறு ஏறியிறங்கும் படிக்கட்டில் நின்று நேர்மையைக் காத்தல் எளிதன்று.

உத்தியோகத்தையே வாழ்வின் ஊன்றுகோலாகக் கொண்டிருந்த யாழ்ப்பாணத்தாருக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். 1956ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டத்தின் பின் பல வாயில்கள் அடைபட்டன. 1988இல் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, அரசாங்க சேவைக்கான பரீட்சைகளைத் தமிழிலே எழுதும் உரிமை நமக்கு உண்டு. பெற்ற உரிமைக்கு ஏற்ற தகுதியையும் நாம் தேடிக்கொள்ள வேண்டாமா?

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்வேன். 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் நீண்ட நூலன்று. ஒரு பாடவேளையில் வாசித்து முடிக்கத் தக்கது. அதனை ஒரு தேசப்படத்தின் பக்கத்தில் வைத்து வகுப்பிலே வாசியுங்கள். எந்த உறுப்புரை நிலத்தைச் சொல்கிறது, எது யாத்திரையைச் சொல்கிறது, எது கடலைச் சொல்கிறது என்று மாணவரே பிரித்தெழுதட்டும். அப்படிப் பயின்றவர் பரீட்சையிலும் தேறுவர். நெடுந்தீவு மீனவர் ஒருவர் அறுந்த வலையோடு வந்து நிற்கும் நாளில், அவருக்கு உண்மையான விடை சொல்லவும் வல்லவராவர்.