சோழி போட்டுக் கணித்த கிரகணம்

அறிவியலும் சமய நம்பிக்கையும் ஒத்துப்போகுமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்திருப்பது ஏழு நிமிடம். கலிலியோவும் டார்வினும் அதில் அடங்க மாட்டார்கள். தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வானம் காட்டுவது என் பிழைப்பு. ஆகவே கிரகணத்தைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

2019 டிசம்பர் 26, வளையச் சூரிய கிரகணம். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தேன். கோயிலை முதல் நாள் இரவே பூட்டிவிட்டார்கள். தெருவில் ஒரு பாட்டி பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தி வைத்திருந்தார். கிரகணம் விட்டதும் அதுவாகவே விழுந்துவிடுமாம். "அடி தட்டையா இருந்தா என்னைக்கும் நிக்கும் பாட்டி" என்றேன். "நாளைக்கு நிறுத்திப் பாக்கலாம் தம்பி, இன்னைக்கு நகராதே" என்றார். மறுநாள் நிறுத்தினோம். நின்றது. பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உலக்கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று என் மனதில் தங்கியது உலக்கை அல்ல. ஓட்டு வீடு ஒன்றில் மாசமாக இருந்த ஒரு பெண்ணை விடிந்ததிலிருந்தே இருட்டறையில் உட்கார வைத்திருந்தார்கள். தண்ணீர்கூடக் கிடையாது. எனக்கு ஆத்திரம். வீட்டாரிடம் வாதாடிக்கொண்டிருக்கும்போதே மணி ஒன்பதரை ஆகிவிட்டது. உள்ளேயிருந்து குரல் வந்தது: "அண்ணா, இங்க சுவத்துல மோதிரம் மோதிரமா விழுதுண்ணா!" ஓட்டு இடுக்கில் இருந்த ஓட்டைகள் வழியாகச் சூரியனின் பிம்பம் சுவரில் விழுந்திருக்கிறது. ஊசித்துளைக் காமிரா என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே, அதேதான். பார்க்கக் கூடாது என்று பூட்டி வைத்த பெண்தான் அந்தத் தெருவிலேயே கண்ணுக்குக் கேடில்லாமல், கிரகணக் கண்ணாடியும் இல்லாமல், நிம்மதியாகக் கிரகணம் பார்த்தவள்.

கோயில் குருக்களும் வந்தார். என் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பஞ்சாங்கத்துல போட்ட நேரத்துக்கு வந்துடுத்து" என்று சொல்லிவிட்டு, குளிக்கக் கிளம்பினார்.

இந்த இடத்தில்தான், நேயர்களே, எனக்கு உற்சாகம் பிறக்கிறது. சூரியனைப் பாம்பு விழுங்குகிறது என்கிறோம் அல்லவா? பஞ்சாங்கம் கணிப்பவருக்கு அந்தப் பாம்பு வெறும் புள்ளி. சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்குச் சுமார் ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் ராகுவும் கேதுவும். அதனால்தான் ஜாதகக் கட்டத்தில் இரண்டும் நேர் எதிரே நிற்கின்றன, பின்னோக்கி நகர்கின்றன, ஒரு ராசிக்கு ஒன்றரை வருடம் எடுத்துக்கொள்கின்றன. அந்த வெட்டுப்புள்ளி முழுச் சுற்று வர 18.6 வருடம் ஆகிறது. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். கிரகணம் நிழலால் உண்டாகிறது என்று ஆரியபட்டர் 499இலேயே எழுதிவிட்டார். அதற்காகக் கதையில் வரும் பாம்பை யாரும் விரட்டிவிடவில்லை.

இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். 1825இல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி 'கால சங்கலிதம்' என்ற நூலை வெளியிட்டார். அதில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகிறார். தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, கூட்டுவதும் கழிப்பதுமாக, அந்த வருடம் மே கடைசியில் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வாய்பாடுகள் அவர் நாக்கில் இருந்தன. எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்யும் முறை அது. சங்கீதம் தெரிந்த நேயர்களுக்குக் கடபயாதி தெரிந்திருக்கும்: மேசகல்யாணியில் 'மே' ஐந்து, 'ச' ஆறு, திருப்பிப் போட்டால் 65ஆவது மேளம். அதே உத்தியில் சந்திரனின் இருப்பைச் சொல்ல, நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள் உண்டு. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் அப்படி வந்ததுதான். சோழிக் கணக்கில் கிரகணம் தொடங்கும் நேரம் நான்கு நிமிடம்தான் பிசகியது. முடியும் நேரம் ஐம்பது நிமிடத்துக்கு மேல் பிசகியது. அதற்கு முன்பே, வெள்ளி இடைநகர்வைப் பார்க்க வந்து மேகத்தால் ஏமாந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜென்டிலும் புதுச்சேரியில் இந்த முறையைக் கற்றுக்கொண்டு போயிருக்கிறார். நேரம் இல்லை, அவர் கதையை விட்டுவிடுகிறேன்.

தர்ப்பணம் எத்தனை மணிக்கு என்று கேட்க ஆள் இருந்ததால்தான் அந்த 248 வாக்கியங்கள் நாக்கு மாறி நாக்கு மாறிப் பிழைத்து வந்தன. இது நம்பிக்கை செய்த உபகாரம். ஐம்பது நிமிடப் பிசகைத் திருத்த மனம் வராததும் அதே நம்பிக்கையால்தான். 2023இல் என்ன நடந்தது? பிசகைத் திருத்திக்கொண்ட திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்பத்துக்குப் போனது ஜனவரி 17. பழைய வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. திருநள்ளாற்றில் கூட்டம் கூடியதும் அன்றுதான். பதினொரு மாத வித்தியாசம்! வானத்தில் சனி ஒன்றுதான் இருக்கிறது, நான் வளையத்தோடு பார்த்திருக்கிறேன். ராசிக்கு எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பது வேண்டுமானால் ஆளுக்கு ஆள் மாறலாம். இன்றிரவு சனி எங்கே நிற்கிறது என்பதற்கு மேலே நிமிர்ந்து பார்ப்பதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தாரே, அந்த மாதிரி நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. கதவைப் பூட்டித் தண்ணீர் கொடுக்காத நம்பிக்கையோடு சமாதானமும் இல்லை.

மணி ஆகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று குறித்துக்கொள்ளுங்கள்: 2031 மே 21. மதுரைப் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் மறுபடி வளையச் சூரியன் தெரியும். உடம்பில் தெம்பு இருந்தால் நானும் மதுரையில் இருப்பேன். உலக்கை, தாம்பாளம் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள், தப்பில்லை. கண்ணாடி என்னிடம் இருக்கிறது. வீட்டில் மாசமான பெண் இருந்தால் அவளையும் அழைத்து வாருங்கள். கையில் ஒரு செம்பு தண்ணீரும் கொடுத்து.