பாகூர் செப்பேடும் புதுச்சேரி ரூபாய்த்தாளும்

புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் திருக்காமீசுவரரைக் கும்பிட்டுவிட்டு, சங்கராபரணி ஆற்றைக் கடந்து, மங்கலம் வழியாகத் தெற்கே பாகூருக்குப் போவோம். வழியெங்கும் நெல்வயல். முதலில் பெரிய ஏரி. அடுத்து மூலநாதர் கோயில். அதன் கற்சுவரில் சோழர் கல்வெட்டுகளோடு இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன் காலத்துக் கல்வெட்டுகளும் உண்டு.

இவற்றைவிடப் பெரிய செல்வம் ஒன்று இவ்வூரில் கிடைத்தது. பாகூர்ச் செப்பேடுகள்! ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறித்தவை. ஐந்து ஏடுகள். துளையிட்டு, ஒரே வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயை முத்திரையால் அடைத்திருக்கிறார்கள். முத்திரையில் பல்லவரின் நந்தி. முத்திரையை உடைக்காமல் ஓர் ஏட்டை உருவவும் முடியாது, புதிதாக ஒன்றைச் செருகவும் முடியாது. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாய் பாகூர்க் கல்லூரிக்கு உரியது என்று வடமொழியிலும் தமிழிலும் ஏடுகளில் வெட்டியிருக்கிறது. படிக்கிற பிள்ளைகளுக்காக மூன்று ஊர்! நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது.

போலி செய்ய முடியாதபடி உலோகத்தில் எழுத்து வெட்ட வேண்டும் என்ற அந்தக் கவலைதான் பிற்காலத்தில் பணத்தாளுக்கும் வந்தது. அமெரிக்காவில் நியூபரிபோர்ட் என்ற துறைமுக ஊரில் 1808இல் ஜேக்கப் பெர்கின்ஸ் பணத்தாள் அச்சிட ஓர் அச்சுக்கூடம் கட்டினார். செம்புத் தகடு அச்சடிக்க அடிக்கத் தேய்ந்துவிடும், எழுத்து மழுங்கும், கள்ளநோட்டுக்காரனுக்குக் கொண்டாட்டம். பெர்கின்ஸ் எஃகைக் கையில் எடுத்தார். நுணுக்கமான கோலங்களை அதில் செதுக்கிக் கடினப்படுத்தினார். ஆயிரக்கணக்கில் அடித்தாலும் ஒரே உரு. பிறகு அவர் லண்டன் போனார். அவர் தொடங்கிய நிறுவனம்தான் 1840இல் உலகின் முதல் அஞ்சல்தலையை அச்சிட்டது.

நம் பக்கம் வருவோம். வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவை. 1875இல் தொடங்கிய இந்தோசீனா வங்கி, பிரெஞ்சிந்தியாவுக்கென்று தனி ரூபாய்த்தாள் வெளியிடும் உரிமை பெற்றிருந்தது. அந்தத் தாள்களில் ‘பொந்திஷேரி’ என்று ஊர்ப்பெயர் இருக்கும். அச்சடித்ததோ பாரிசில். அங்கிருந்து கப்பலேறி வரவேண்டும்.

செப்பேடுகளின் பயணம் இதற்கு நேர் எதிர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாகூரில் வெளிப்பட்ட அவை பாரிசுக்குப் போய், தேசிய நூலகத்தில் சேர்ந்தன. ஊர்க்காரர்கள் கைமாற்றிய காகிதம் பாரிசில் பிறந்தது. ஊருக்கே உரிய செம்பு பாரிசில் தங்கிவிட்டது. எனக்கு இது ஆறாத குறை. அவற்றை நேரில் பார்க்கும் வாய்ப்பு பாகூர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும்.

மாலையில் புதுச்சேரி நகரத்துக்குத் திரும்பினால் பாரதி பூங்காவை ஒட்டி, யூகோ வங்கி இயங்கும் பழைய கட்டடத்தைப் பாருங்கள். இந்தோசீனா வங்கி இருந்த இடம் அதுதான்.