ரூமியின் கணக்கு எங்கே போனது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'ஏதாவது ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுங்க, ஆனா சுருக்கமா' என்று செயலாளர் உத்தரவு. எனக்கு ஏமாற்றம் தந்த ஒரு நாவலைப் பற்றியே பேசுகிறேன். நிகிதா லால்வானி ஆங்கிலத்தில் எழுதிய 'கிஃப்டட்'. 2007ஆம் ஆண்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது.

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் குடியேறிய இந்தியக் குடும்பம். மகள் ரூமிக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. அப்பாவும் கணிதம் படித்தவர். மகளைச் சின்ன வயதிலேயே ஆக்ஸ்ஃபோர்டில் சேர்த்தே தீருவது என்று அட்டவணை போட்டு உட்கார வைக்கிறார்.

தொடக்கம் அருமை. பத்து வயது ரூமி தன் வயதை நொடி வரைக்கும் சொல்கிறாள். பிடித்த பையனோடு பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்துபோக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடுகிறாள். இந்தப் பெண்ணோடு நாமும் வளரப்போகிறோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பக்கம் போகப் போகக் கணக்கு மங்கிவிடுகிறது. அப்பாவின் கண்டிப்பு, அம்மாவின் கோபம், அவள் ஓயாமல் மெல்லும் சீரகம், இவைதான் மனசில் நிற்கின்றன. வீட்டுச் சண்டை நிஜமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தப்பிப்பாளா என்பதே கதையின் கேள்வியாகிவிடுகிறது. தப்பித்த பிறகு கணக்கோடு அவளுக்கு என்ன உறவு? அதைத்தான் நான் தேடினேன், கிடைக்கவில்லை.

நிஜ வாழ்க்கையில் ரூத் லாரன்ஸ் 1983இல், 12 வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தார். கூடவே போய்வந்த தந்தையைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. 1985இல் முதல் வகுப்பில் பட்டம். கதை அதோடு முடியவில்லை. பின்னல்களைப் பற்றிய கணிதத்தில் அவர் பெயர் தாங்கிய ஆய்வு உண்டு. ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். சிறுமியைப் பார்த்து வாய்பிளந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆய்வாளரைத் திரும்பிப் பார்த்தார்கள்?

பெற்றோராகிவிட்ட நண்பர்களே, நாமும் மார்க் எவ்வளவு, ரேங்க் எத்தனை என்றுதான் கேட்கிறோம். 'இதுல உனக்கு என்னம்மா பிடிச்சுது?' என்று கேட்பது குறைவு.

தம்பி தங்கைகளே, வீட்டில் சண்டை வரும், போகும். அந்தக் கோபத்தில் பிடித்த பாடத்தையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது உங்கள் சொத்து.

நாவல் கிடைத்தால் படியுங்கள். ஆரம்ப அத்தியாயங்களுக்காகவே படிக்கலாம்.